அன்பளிப்பு வந்தது, பில் வரவில்லை

தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஜவுளிக் கடை சம்பந்தப்பட்டவை. அதிலும், யாரோ ஆசையாக எடுத்துக் கொடுத்த துணியை மாற்றப் போய் அலைந்து திரும்பியவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வாரம் முழுக்கத் துணிதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைகளின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: தீபாவளிக்கு அண்ணன் எனக்குத் தருமபுரியில் ஒரு பெரிய கடையில் சுடிதார் செட் எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் தோள் இறுக்கம், கை ஏறவே இல்லை. டேக் பிரிக்காமல் அப்படியே மடித்துக்கொண்டு ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போனேன். "எக்ஸ்சேஞ்ச் மூணு மணிக்கு மேலதான்" என்றார்கள். காத்திருந்தேன். மூன்று மணிக்கு "பில் எங்கே?" என்றார்கள். அண்ணனிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினேன். "ஒரிஜினல் வேணும், வாங்கினவரே வரணும்" என்றார்கள். அண்ணன் வேலை பார்ப்பது திருப்பூரில். தபாலில் ஒரிஜினல் வரவழைத்து மறுபடி போனால், "ஏழு நாள் முடிஞ்சு போச்சு" என்கிறார்கள். 1,850 ரூபாய் துணி. நான் செய்த தப்பு என்ன அக்கா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு தடவை திருப்பி அனுப்பினால், தப்பு நம்மேல்தானோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கிழிசல், சாயம் போவது, தையல் விட்டுப்போவது எல்லாம் குறைபாடு. அளவு சேராமல் போவது குறைபாட்டில் வராது. நல்ல துணியை, அளவு பொருந்தவில்லை என்பதற்காக மாற்றிக் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் கடை தானாகவே வாக்குக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பில்லின் அடியில் "7 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், டேக் இருக்க வேண்டும்" என்று அச்சடித்திருக்கிறது. மூன்று மணி என்றோ, வாங்கியவரே வர வேண்டும் என்றோ ஒரு எழுத்துகூட அதில் இல்லை. விற்கும்போது சொல்லாத நிபந்தனையை மாற்ற வரும்போது சொல்வது நியாயமற்ற வணிகம்.

நீங்கள் போனது ஐந்தாம் நாள். அன்று கடையில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி உங்கள் போனிலேயே இருக்கிறது. அண்ணன் பில்லை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் தேதியும் நேரமும் இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். அன்றைய பஸ் டிக்கெட் பர்ஸில் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், "வாங்கினவரே வரணும்" என்ற பேச்சு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருப்பது, நுகர்வோர் யார் என்று சொல்லும் இடத்திலேயே இதைத் தீர்த்து வைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அண்ணன் கொடுத்தது உங்களுக்கு. எனவே புகாரில் நீங்களே கையெழுத்துப் போடலாம். அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். பில் எண், தொகை, முதல் முறை போன நாள், என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கடை மேலாளரிடம் கொடுத்து, மற்றொன்றில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் அதற்கு அசைந்து கொடுக்கும், உள்ளூர்க் கடைகள் சில கண்டுகொள்ளாது. அப்போதும் நகரவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

1,850 ரூபாய்க்கு ஆணையமா என்று வீட்டில் கேட்பார்கள். என் அனுபவத்தில், தேதிவாரியாக எழுதிய கடிதம் மேலாளர் மேஜைக்குப் போன உடனேயே பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. அதனால் கடிதத்தை மட்டுமாவது எழுதுங்கள். இரண்டு தடவை வந்து போன பஸ் செலவையும் அதில் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: உள்ளாடை அளவு சரியில்லை. பாக்கெட் பிரித்து ஒரு தடவைதான் போட்டேன். மாற்றித் தர மறுக்கிறார்கள்.
— வாசகர், காரிமங்கலம்

பதில்: மறுத்தது சரி. நீங்கள் கேட்டிருக்கவே கூடாது.

கேள்வி: நாத்தனார் மகள் சடங்குக்கு 3,200 ரூபாயில் பட்டுப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தேன். நம் பக்கம் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதுதானே முறை? இப்போது நாத்தனார் போன் செய்து, "சின்னதா இருக்கு அண்ணி, பில் குடுங்க, மாத்திக்கிறோம்" என்கிறார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல எனக்கு வருத்தமாக இருக்கிறது. பில்லும் எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.
— வாசகி, பாலக்கோடு

பதில்: வருத்தப்படாதீர்கள். உங்கள் நாத்தனார் செய்தது நல்ல காரியம். பிடிக்கவில்லை என்று பீரோவுக்குள் தள்ளிவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு வேறு யாருக்கோ தூக்கிக் கொடுக்காமல், உங்களிடமே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். உரிமை இருக்கிறது என்று நினைப்பதால்தான் கேட்கிறார்.

இதைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம் உண்டு. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சம்பாதிக்க ஆரம்பித்த முதல் வருடம் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். வெளிர் நீலம், காலரில் அட்டையும் கழுத்துப் பட்டனில் பிளாஸ்டிக் பிடிப்பும் வைத்து, பத்து இடத்தில் குண்டூசி குத்திய சட்டை. அப்பாவுக்கு 42 அளவு. எனக்கு அது தெரியாது, 40 எடுத்துவிட்டேன். விலை தெரிந்தால் திட்டுவார் என்று டேக்கைப் பிய்த்து, பில்லையும் கடை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தேன். அப்பா குண்டூசி எல்லாம் எடுத்து, போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வயிற்றுக்கு மேலே இரண்டு பட்டனுக்கும் நடுவில் துணி பிளந்து பனியன் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்குது, போட்டாத் தளர்ந்துரும்" என்றார். மறுநாள் கடைக்குப் போனேன். பில் இல்லை, டேக் இல்லை, ஊசி எடுத்தாகிவிட்டது, ஆகவே முடியாது என்றார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சட்டை கடைசிவரை பீரோவில் மடித்தபடியே இருந்தது. அப்பா போன பிறகு துணிகளைப் பிரித்துக் கொடுத்தபோது என் கையில்தான் வந்தது.

விலையை மறைக்க வேண்டும் என்ற நம் வழக்கத்தில் அன்பு இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. மறைக்க வேண்டியது விலையை மட்டும்தான். விலையோடு சேர்த்து டேக்கையும் பில்லையும் தூக்கிப் போடும்போது, வாங்கிக்கொண்டவரின் கையைக் கட்டிவிட்டுக் கொடுக்கிறோம். துணியில் தொங்கும் டேக்கில் விலை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், பார்கோடு அப்படியே இருக்கட்டும். பில்லில் தொகை இருக்கும் வரியை மடித்து ஒட்டிவிட்டு, பில் எண்ணும் தேதியும் தெரியும்படி ஒரு கவரில் போட்டுத் துணிக்குள் வையுங்கள். "அளவு சேரலேன்னா மாத்திக்கங்க" என்று ஒரு வார்த்தை வாயாலும் சொல்லிவிடுங்கள். சீர்த்தட்டில் வைக்கும் துணிக்கும் இதேதான். தாய்மாமன் கொண்டு வந்த புடவைக்கு பிளவுஸ் பிட் இல்லை என்று தெரிந்தும், கேட்டால் மாமன் மனசு நோகுமே என்று வாயைத் திறக்காமல் இருந்த பெண்கள் எத்தனை பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள் தெரியுமா?

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை இல்லாமல், பில் எண்ணும் பொருளும் மட்டும் இருக்கும் ஒரு சீட்டைக் கேட்பவருக்கு அச்சடித்துக் கொடுக்க உங்கள் பில் மெஷினுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. தீபாவளி, பொங்கல், கல்யாண மாதங்களில் உங்கள் கடையில் போகும் துணியில் எவ்வளவு அடுத்தவருக்குக் கொடுப்பதற்காக வாங்கியது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சீட்டைக் கொடுங்கள். இப்படி ஒரு கடை நம் மாவட்டத்தில் செய்ய ஆரம்பித்தால் நான் முதல் ஆளாக அங்கே போவேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பில் போடும்போது போன் நம்பர் கொடுத்திருப்பீர்கள். அதைச் சொன்னால் கம்ப்யூட்டரில் பழைய பில்லை எடுத்துவிடலாம். ஜிபே, போன்பே எதில் கட்டியிருந்தாலும் தேதியும் தொகையும் அதில் இருக்கும். நாத்தனாரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஆறு சட்டை எடுத்தேன். இப்போதுதான் பிரித்தேன். இரண்டில் பாக்கெட் கோணல். கடையில் ஏற்க மறுக்கிறார்கள்.
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஆடியில் வாங்கியதை ஐப்பசியிலா பிரிப்பார்கள் தம்பி? வாங்கிய அன்றே வீட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்திருந்தால், தள்ளுபடித் துணியாக இருந்தாலும் உங்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கும். இப்போது அந்தக் கோணல் கடையில் இருந்ததா, அப்புறம் வந்ததா என்று யார் சொல்வது? டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தையுங்கள்.

கேள்வி: நான் ஓசூர். கல்யாணப் புடவைகள் பெங்களூரு சிக்பேட்டையில் எடுத்தோம். ஒன்றில் குறுக்கே ஓடும் ஊடை நூல் வரிசையாக விட்டுப்போயிருக்கிறது. கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிப் போனை வைத்துவிடுகிறார். கேஸ் போட பெங்களூருக்கு அலைய முடியாது.
— வாசகி, ஓசூர்

பதில்: அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் பெரும்பாலும் விற்றவர் இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையம். ஓசூர்க்காரர்களுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரிய உதவி என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை, அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். இது அளவு, நிறம் சமாசாரம் இல்லை, நெசவுக் குறை. பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையும் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. புடவையைக் கட்டாதீர்கள், துவைக்காதீர்கள். நூல் விட்ட இடத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்து, தமிழிலேயே கடிதம் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: பில்லைப் பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். இரண்டு மாதத்தில் எழுத்தே இல்லாமல் வெள்ளைத் தாளாகிவிட்டது.
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அது சூட்டில் எழுத்து விழும் தாள். மை கிடையாது. வெயில், பிளாஸ்டிக் கவர், பர்ஸில் உடம்புச் சூடு, எல்லாமே அதற்கு ஆகாது. பில் கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். இப்போது கடையில் பழைய பில்லின் நகலைக் கேளுங்கள்.

கேள்வி: பர்கூரில் வீட்டு விசேஷத்துக்கு முறை செய்யப் பதினைந்து புடவை, ஒவ்வொன்றும் 800 ரூபாய், மொத்தமாக எடுத்தோம். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள், சரி என்றோம். கொடுத்த இடத்தில் மூன்று பேர் முதல் தண்ணியிலேயே சாயம் இறங்கிவிட்டது என்கிறார்கள். மானம் போகிறது.
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பர்கூரைக் குட்டி சூரத் என்று சொல்வார்கள். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போகும் ஊர். நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் அங்கே நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஊரில் போய்ப் பில் வேண்டாம் என்று நீங்களே சொல்லலாமா?

கணக்குப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு 5 சதவீத வரி 600 ரூபாய். ஒரு புடவை விலைகூட இல்லை. அந்த 600-ஐ மிச்சம் பிடித்ததில், வாங்கியதற்கே சாட்சி இல்லாமல் போய்விட்டது. வாங்குகிறவர் வேண்டாம் என்றாலும் பில் போடுவது கடைக்காரர் கடமை. பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடவும் ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு வேண்டுமே. யுபிஐயில் கட்டியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு, சாயம் போன மூன்றையும், இன்னும் நனைக்காத ஒன்றையும் கொண்டு போய்ப் பேசுங்கள். அங்கேயே ஒரு முனையை ஈரத் துணியால் தேய்த்துக் காட்டுங்கள். நல்ல கடையாக இருந்தால் மாற்றுவார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி: நானும் பர்கூரில்தான் எடுக்கிறேன், வீட்டில் வைத்துத் தவணைக்கு விற்க. இருபதில் நான்கு புடவை ஓட்டை. நுகர்வோர் ஆணையம் போகலாமா?
— வாசகி, போச்சம்பள்ளி

பதில்: மறுபடி விற்பதற்காக வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. வாரம் ஐம்பது நூறு என்று வசூலித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லாதது எனக்கு வருத்தம்தான். கட்டைப் பிரிக்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். அங்கேயே நான்கு மடிப்பையும் விரித்து, முந்தானையும் உடலும் பார்த்துவிட்டுத்தான் பணம். ஓட்டையானதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே கையால் ஒரு வரி எழுதி வாங்குங்கள். தொடர்ந்து வாங்குகிற ஆளுக்கு அதை எழுதித் தர மறுக்கும் கடை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: அப்பா மல்பெரி போட்டிருக்கிறார். இரண்டு பேட்ச் பட்டுக்கூடு விற்ற காசில் என் வளைகாப்புக்கு 14,500 ரூபாயில் "சுத்தப் பட்டு" என்று ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். மாமியார் வீட்டில் நெசவு தெரிந்த பெரியவர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, கலப்பு என்றார். அப்பாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. கடையில் கேட்டால், "கட்டிட்டீங்க, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்கள்.
— வாசகி, அரூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. புழுவுக்கு இலை வெட்டிப் போட்டு, ராத்திரி கண் விழித்து, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு நின்று கொண்டு வந்த காசு அது. பட்டை விளைவிக்கிறவருக்கே பாலியஸ்டரைப் பட்டு என்று விற்றிருந்தால், அதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

நானும் ஏமாந்திருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு வெளியூர்க் கடை ஒன்றில் அரக்கு நிறப் புடவை எடுத்தேன். தறிக்காரர் ஒருவர் உள்தலைப்பு ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவினார். நீளவாக்கில் வந்த பாவு நூலைத் தீக்குச்சியில் காட்டினார். முடி கருகிய வாசம் வந்தது. விரலால் நசுக்கியதும் கரி பொடியாக உதிர்ந்தது. அடுத்து ஊடை நூல். அது சுருண்டு உருகி, நுனியில் கடுகு மாதிரி கெட்டியாக ஒரு மணி நின்றது. பாவு பட்டு, ஊடை பாலியஸ்டர். நான் பாவு நூலை மட்டும் சோதித்திருந்தால் சுத்தப் பட்டு என்றே நம்பியிருப்பேன். அதனால் நீங்கள் இரண்டு நூலையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசத்தோடு சட்டென்று எரிந்து போனால் அது செயற்கைப் பட்டு. சமையலறையில் வேண்டாம், நைலான் நைட்டியோடும் வேண்டாம், வாசலில் உட்கார்ந்து யாரையாவது கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இது நமக்கு நாமே தெரிந்துகொள்ள. ஆணையத்தில் இது போதாது. தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதைப் புகாரிலேயே கேளுங்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இலிருந்து சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. உங்கள் புடவையில் ஹாலோகிராம் ஒட்டிய அந்தச் சீட்டு இருந்ததா என்று தேடுங்கள். இருந்தால் அந்த எண்ணே உங்கள் ஆயுதம். அது பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் "சுத்தப் பட்டு" என்று எழுதியிருக்கிறதா, வெறும் "புடவை" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

"கட்டிட்டீங்க" என்ற பேச்சு இங்கே செல்லாது. மாற்றிக் கேட்பவருக்குத்தான் அந்த விதி. நீங்கள் கேட்பது, சொன்ன பொருளைத் தரவில்லை என்பதற்கு. கட்டாமல் எப்படித் தெரியும்? அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் உங்கள்மேல் கோபப்பட மாட்டார், உங்களோடு தருமபுரிக்கு வருவார். பில்லையும் புடவையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: போன் நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்கிறார்கள்.
— வாசகி, தருமபுரி

பதில்: கொடுத்தே ஆக வேண்டியதில்லை. கடைகள் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பில் தொலைந்தால் தேடி எடுக்க அந்த நம்பர் உதவும் என்பதால் நான் கொடுக்கிறேன். அது நம் விருப்பம்.

கேள்வி: நான் ஒரு ஜவுளிக் கடையில் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் வேலை செய்கிறேன். விதியைப் போடுவது முதலாளி, திட்டு வாங்குவது நாங்கள். வியர்வை நாற்றத்தோடு, கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, மஞ்சள் கறையோடு கொண்டு வந்து "போடவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார்கள். நாங்கள் வாங்கி வைத்தால் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். எங்களுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள் அக்கா.
— வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: எழுதுகிறேன் அம்மா. வாசகர்களே, கட்டிய புடவையைக் கொண்டு போய் மாற்றக் கேட்பது திருட்டு. அந்த நஷ்டம் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. விதி நியாயமில்லை என்றால் மேலாளரைக் கூப்பிடுங்கள், கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் குரலை உயர்த்தாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு விஷயம். இப்படிச் சம்பளத்தில் பிடிப்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொழிலாளர் துறையில் கேட்கும்போது அது தேவைப்படும். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா? இருந்தால் உட்கார விடுகிறார்களா? எழுதுங்கள்.

கேள்வி: முன்பு எழுதியிருந்தேன். அக்கா கொடுத்த புடவையில் முந்தானையில் நெசவு ஓட்டை. கடையில் பணம் தராமல் 2,400 ரூபாய்க்கு அதே கடையில் வேறு துணி எடுக்க ஒரு மாதம் மட்டும் செல்லும் கிரெடிட் நோட் கொடுத்தார்கள். குறையுள்ள பொருளுக்குப் பணமே கேட்கலாம், நோட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை என்று சொன்னீர்கள். அதன்படி கடிதம் அனுப்பினேன். நேற்று கூப்பிட்டு முழுப் பணமும் தருகிறோம், "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?
— வாசகி, மொரப்பூர்

பதில்: ரொம்ப சந்தோஷம் அம்மா. போடலாம், மூன்று விஷயம் பார்த்துவிட்டு. பணம் உங்கள் கைக்கோ கணக்குக்கோ வந்த பிறகுதான் கையெழுத்து. அந்தத் தாளில் "2,400 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று தொகையும், எந்த பில், எந்தப் புடவை என்பதும் எழுதியிருக்க வேண்டும். வெற்றிடம் விட்டிருந்தால் அங்கே கோடு போட்டு நிரப்புங்கள். கையெழுத்துப் போட்டதும் அவர்கள் எதிரிலேயே அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் புடவையைக் கொடுங்கள். கிரெடிட் நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது இனி உங்களுடையது இல்லை. அக்காவுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.